ஒன்பதாம் எண் வண்டியின் பச்சையும் உன் கொட்டகைக் கதவும்

ஹேதர்பெக், யார்க்‌ஷயர்
வெள்ளிக்கிழமை, 13 மே 1994

அன்புள்ள தங்கை டோரினுக்கு,

அண்ணன் ஆர்னல்ட் எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே எக்ஸிட்டரில், பிரசவத்துக்குத் துணையாகப் போன நீயும் உன் மகளும் புதிதாக வந்த பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்கு நம் அம்மாவின் மூக்கு என்று உன் வீட்டுக்காரர், மாப்பிள்ளை கெனித் சொன்னார், சந்தோஷம். அவர் உன்னோடு தொலைபேசியில் பேசியபோது என்னைப் பற்றியும் நாலு வார்த்தை சொன்னாராம். "அண்ணனுக்கு என்ன, மூளை கலங்கிப்போச்சா?" என்று நீ கேட்டாயாம். கலங்கவில்லை. உங்கள் தோட்டக் கொட்டகையின் கதவைச் சுரண்டியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்வது உன் குணம் இல்லை. ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன், குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்துப் படி.

எங்கள் ரயில் சங்கத்தின் ஒன்பதாம் எண் வண்டி உனக்குத் தெரியும். எஞ்சின் தனியாக இல்லாமல் தானே ஓடும் ஒற்றை டீசல் பெட்டி, முப்பத்தாறாம் வருஷம் நம் கிளைப்பாதைக்கு வந்தது. நானும் லெஸ்லி ஓல்ராய்டும் அதை ஓட்டை உடைசலாக வாங்கி, இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் அதன் அடியில் மல்லாந்து படுத்து, இப்போது ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். இனி வண்ணம் பூசுவதுதான் பாக்கி. மேலே க்ரீம், கீழே பச்சை. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்தப் பச்சை என்பதில்தான் வந்தது வினை. கறுப்பில் சாய்ந்த அடர்பச்சை என்று நான் சொல்கிறேன். மஞ்சளில் சாய்ந்த ஆப்பிள் பச்சை என்று லெஸ் சொல்கிறான். போன அக்டோபரில் ஆரம்பித்த பேச்சு அந்த மாதமே நின்றுபோய்விட்டது. ஏழு மாதமாக அவனும் நானும் பேசிக்கொள்வதில்லை.

பேசிக்கொள்வதில்லை என்றால் வேலையை விட்டுவிட்டோம் என்று நினைக்காதே. வண்டிக்கு அடியில் அவன் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் படுத்திருப்போம். சங்கத் தலைவி திருமதி சக்டன் நடைமேடையில் நிற்பார். "திருமதி சக்டன், அந்தப் பக்கம் படுத்திருக்கிற ஆளுகிட்ட பெரிய ஸ்பானர் இருந்தா குடுக்கச் சொல்லுங்க" என்பேன். "கேக்குற ஆளுக்கு அது பெரிய ஸ்பானரா சின்ன ஸ்பானரான்னாவது கண்ணு தெரியுதா, கேட்டுச் சொல்லுங்க" என்பான் அவன். ஒரு நாள் அந்த அம்மாள் பொறுமை இழந்து, "ரெண்டும் பச்சைதானேய்யா! எதையாவது பூசித் தொலைங்களேன்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மட்டும் நானும் லெஸ்ஸும் ஒரே நேரத்தில் வெளியே தவழ்ந்து வந்து, ஒரே குரலில் அவரைக் கண்டித்தோம். பிறகு மறுபடியும் உள்ளே போய்ப் பேசாமல் படுத்துக்கொண்டோம். அவன் பேசாத வியாழக்கிழமைகள் ரொம்ப நீளமாக இருக்கின்றன, டோரின். உன்னிடம் சொல்வதற்கென்ன.

அதற்காக விட்டுக்கொடுத்துவிட முடியுமா? வண்டியையே சுரண்டிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பாய். எங்களுக்கு முன்னால் அதை வைத்திருந்த மகானுபாவன் மணலை வீசி அடித்து, வெறும் தகடு தெரியும்வரை எல்லாவற்றையும் உரித்துவிட்டான். பழைய படங்களோ கறுப்பு வெள்ளை, அதில் புல்லும் சாம்பல், வண்டியும் சாம்பல், ஸ்டேஷன் மாஸ்டரும் சாம்பல். ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப்போட்டு ஆறு வாரம் காத்திருந்து, பென்சில் மட்டும் கொண்டுவர வேண்டும் என்ற அவர்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, மூன்று நாள் உட்கார்ந்து கடைசியில் பணிமனையின் அசல் உத்தரவைக் கண்டுபிடித்தேன். பிரித்தேன். "மேல் பாதி க்ரீம். கீழ்ப் பாதி வழக்கமான பச்சை" என்று எழுதியிருந்தது. எழுதிய புண்ணியவானுக்கு அது வழக்கம், சரி. எனக்கு?

அடுத்து, கண்ணால் பார்த்தவர்களைத் தேடினேன். முதியோர் இல்லத்தில் எண்பத்தெட்டு வயது மிஸ் பாரக்ளஃப் இருக்கிறார், பதினொரு வருஷம் அந்த வண்டியில்தான் மில்லுக்குப் போய்வந்தார். சாக்லேட் டப்பாவோடு போய், "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, வண்டி என்ன நிறம்?" என்றேன். "செவப்பு" என்றார். "பச்சை இல்லீங்களா?" "இத பாரு தம்பி, பதினோரு வருஷம் போயிருக்கேன். நல்ல ரத்தச் செவப்பு. போன வாரம் வந்தவருகிட்டயும் இதத்தான் சொன்னேன். அவரு கொண்டாந்த சாக்லேட்டு இதவிடப் பெரிசு." லெஸ் எனக்கு முன்னால் வந்துவிட்டுப் போயிருக்கிறான். அவனும் சிவப்பைப் பற்றிச் சங்கத்தில் மூச்சு விடவில்லை, நானும் விடவில்லை. எங்களுக்குள் அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு.

அப்போதுதான் எனக்கு உன் மாமனார் ஞாபகம் வந்தார். எஸ்ரா பெரியவர் அந்தப் பணிமனையில் வண்ணம் பூசுகிறவராக இருந்தவர் ஆயிற்றே! நம் ஊர் ரயில்காரர்களின் வழக்கம் உனக்குத் தெரியாதா? வாளியின் அடியில் மிஞ்சுகிற வண்ணத்தைச் சாப்பாட்டு டப்பாவில் ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கேட், கோழிக்கூண்டு, கழிவறை, கொட்டகை எல்லாம் கம்பெனி நிறத்தில் நிற்கும். ஒன்பதாம் எண் வண்டிக்கு வண்ணம் பூசிய வருஷம் எஸ்ரா பெரியவர் உங்கள் கொட்டகைக் கதவுக்கும் பூசினார் என்று கெனித் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வாரே! அந்த வண்டியின் அசல் பச்சை இந்த உலகத்தில் மிச்சம் இருந்தால் அந்த ஒரு கதவில்தான் இருக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை பந்து உருட்டும் கிளப்புக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். திருட்டுத்தனம் இல்லை, அவர் கவனத்தைக் கலைக்க வேண்டாமே என்றுதான். ஈரமான உப்புத்தாளால் மெல்ல வட்டமாகத் தேய்த்தால் பூச்சுகள் ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் வளையமாகத் தெரியும். உன் புட்டிங் கிண்ணத்தில்தான் தண்ணீர் எடுத்தேன், கழுவி வைத்துவிட்டேன், ஓரத்தில் கொஞ்சம் நீலம் இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "என்ன ஆர்னல்டு, கதவுக்குப் படை வந்திருச்சா?" என்றார். நான் திரும்பவே இல்லை. முதலில் பழுப்பு, அப்புறம் நீலம், அப்புறம் ஒரு வெள்ளை, அதற்கும் அடியில், டோரின், அடர்பச்சை! கறுப்பில் சாய்ந்த என் பச்சை! பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு முழங்காலில் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உப்புத்தாள் தூசியும் ஒரு காரணம்.

அந்தக் கோலத்தில்தான் மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "மச்சான், என் கதவுகிட்ட மண்டி போட்டு என்ன ஜெபமா பண்றீங்க?" என்றார். விவரம் சொன்னேன். நியாயமாகப் பார்த்தால் பெருமைப்பட்டிருக்க வேண்டும். மனுஷன் முகம் வெளுத்துப்போய், "அதெல்லாம் பழைய கதவு, விட்டுருங்க மச்சான், இதப் போயி நாலு பேருக்கு முன்னால..." என்று இழுத்தார். தட்டளவு வட்டம் ஒன்று கதவின் நடுவில் விழுந்துவிட்ட வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன். ஆறு வட்டம். ஒன்று போதாது, ஆறு இடத்திலும் ஒரே பச்சை வருகிறதா என்று பார்க்க வேண்டாமா?

நாளை சனிக்கிழமை சங்கத்தின் பொதுக்கூட்டம். எந்தப் பச்சை என்று ஓட்டெடுக்கிறோம். திங்கட்கிழமை வண்ணக்காரர் வருகிறார். ஒரு தடவை பூசிவிட்டால் இன்னும் இருபது வருஷத்துக்கு மாற்ற மாட்டார்கள், அதற்குள் நானும் லெஸ்ஸும் இருப்போமா தெரியாது. ஆகவே கதவையே கழற்றி என் காரின் கூரையில் கட்டிக் கூட்டத்துக்குக் கொண்டுபோகப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை திருப்பி மாட்டிவிடுவேன். மழை வந்தால் மாப்பிள்ளையின் விதைப் பொட்டலங்களை அவர் ஒரு நாள் சமையலறையில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். யார் தடுத்தாலும் இந்தத் தீர்மானத்தில் மாற்றம் இல்லை. லெஸ் தான் சொன்னது தப்பு என்று எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொள்ளட்டும். அந்த நிமிஷமே மன்னித்துவிடுவேன். எனக்கு அவன்மேல் கோபமே கிடையாது, அவன் பச்சைமேல்தான்.

பேத்திக்கு இந்த மாமா தாத்தாவின் ஆசீர்வாதம், நூறு வயது நல்ல கண்பார்வையோடு வாழட்டும். மகளுக்கும் மருமகனுக்கும் என் அன்பு. உன் கிண்ணத்துக்கு என் வருத்தம்.

இப்படிக்கு,
எதற்கும் பின்வாங்காத உன் அண்ணன்
ஆர்னல்ட் மெட்காஃப்

பின்குறிப்பு: ஞாயிறு மாலை. கடிதத்தை வெள்ளிக்கிழமையே தபாலில் போட்டிருக்க வேண்டும், கதவைக் கழற்றப்போனதில் மறந்துவிட்டேன். நேற்றுக் காலை கதவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது கெனித் வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், கூட்டத்துல அசிங்கப்பட்டுறாதீங்க. இது எங்கப்பா பூசின கதவு இல்ல. அது மக்கிப்போயி எழுபத்தொன்பதுலயே அடுப்புக்குப் போயிருச்சு. எங்க கிளப்பை இடிச்சுக் கட்டினப்ப அங்க சும்மா கெடந்த கக்கூஸ் கதவு இது" என்றார். இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை, எழுதத்தான் செய்திருக்கிறேன்.

கதவோடுதான் போனேன். எனக்கும் கெனித்துக்கும் தவிர யாருக்கும் தெரியாது, வாயை மூடிக்கொண்டு ஜெயித்திருக்கலாம். கதவைச் சுற்றி எல்லாரும் நின்று ஆகா என்றார்கள். மனசு கேட்கவில்லை. எழுந்து, "இது கக்கூஸ் கதவு. என் கட்சிக்கு ஆதாரம் இல்லை. ஆப்பிள் பச்சையே பூசுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். உடனே லெஸ் எழுந்தான். கூட்டத்துக்காக நான் கொடுத்துவைத்திருந்த ஆராய்ச்சிக் கோப்பைத் திருமதி சக்டனிடம் வாங்கி மூன்று நாளாகப் படித்தானாம், அடர்பச்சைதான் சரி என்று முடிவுக்கு வந்துவிட்டானாம், அதனால் தன் ஆப்பிள் பச்சையை வாபஸ் வாங்குகிறானாம்! முன்மொழிந்த இரண்டு பேரும் வாபஸ் வாங்கிவிட்டால் எதற்கு ஓட்டெடுப்பது? திருமதி சக்டன் தலையில் கை வைத்துக்கொண்டு, வண்ணக்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் லெஸ் நேராக என்னிடம் வந்தான், நடுவில் யாரும் இல்லை. "ஏண்டா, வெக்கமா இல்ல? ஏழு மாசம் நாயா அலைஞ்சு கண்டுபிடிச்ச பச்சைய ஒரு கக்கூஸ் கதவுக்காக விட்டுக்குடுப்பியா?" என்றான். "நீ மட்டும் என்ன கிழிச்ச?" என்றேன்.

அவன் மனதாரத்தான் மாறினானா, எனக்காக மாறினானா, தெரியவில்லை. நான் கேட்கப்போவதில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டான். நேற்றிலிருந்து என் வீட்டிலேயே உட்கார்ந்து, நான்தான் சரி என்று மேஜையைக் குத்திக்கொண்டிருக்கிறான். விடுவேனா? ஆப்பிள் பச்சைதான் அசல் என்று அவன் வாயாலேயே சொல்லவைக்காமல் நான் ஓயப்போவதில்லை.