கூத்தையா ஊசி போட்ட ராணி

வாசகர்களே, நிபுணர் என்றொரு இனம் உண்டு. வெற்றி வந்தால் தன் கையைக் காட்டுவார். தோல்வி வந்தால் வானத்தைக் காட்டுவார். எங்கள் தேவிபட்டினத்தில் அந்த இனத்துக்குக் கூத்தையா என்று பெயர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் எங்கோ நடந்த மூன்று நாள் தேனீ வளர்ப்பு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து தூங்கி எழுந்து, ஒரு கண்ணாடி ஊசியும் பூதக்கண்ணாடியும் வாங்கிக்கொண்டு திரும்பிய நாளிலிருந்து, ஆண் ஈயின் விந்தை ஊசியில் உறிஞ்சி ராணி ஈயின் வயிற்றில் ஏற்றுவதற்கு ஜில்லாவிலேயே தன்னை விட்டால் ஆளில்லை என்று கீழக்கரை வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் வகுப்போடு நின்று, சொந்தக் காசில் நாற்பது தேனீப் பெட்டி சேர்த்த என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? ஏன் கேட்கிறார்!

எங்கள் தெரு இராமலட்சுமிக்கு இருந்தது ஒரே பெட்டி. பழைய ராணி செத்து, புது ராணி பிறந்து ஏழு நாள். அது முட்டையிடாவிட்டால் கூடே காலி.

"தானாப் பறந்து போயி ஆண் ஈயோட சேரட்டுமேண்ணே?"

"நல்லாச் சொன்ன தாயி! கடக்காத்து அதத் தூக்கி இலங்கையில போட்ருமே. பதினஞ்சு ரூவா வையி."

வைத்தாள். பெட்டியைத் திறந்ததும் சடங்கு தொடங்கியது. ராணிக்கு வயது கூடினால் பலிக்காது, ஆண் ஈ இளசாக இருந்தால் பலிக்காது, ஊசியில் அழுக்கிருந்தால், சூடு குறைந்தால், மயக்கம் மிஞ்சினால்... என்று ஒரு மணி நேரம் பேசினார். பிறகு இதுதான் ராணி என்று இருப்பதிலேயே கொழுத்த ஈயைப் பிடித்தார். கோலி சோடாவை உடைத்து அந்தக் காற்றில் மயக்கினார். ஊசியை ஏற்றி, அடையாளத்துக்கு முதுகில் சுண்ணாம்புப் பொட்டும் வைத்தார்.

பத்தாம் நாள், அடை நிறைய முட்டை.

"பாத்தியா தாயி என் கைய!"

"பாத்தேண்ணே. முட்டையிடுற ராணி முதுகுல பொட்டத்தான் காணோம்." தீப்பெட்டியைத் திறந்து நீட்டினாள். சுண்ணாம்புப் பொட்டோடு செத்துக் கிடந்தது ஓர் ஆண் ஈ. "இந்த மாப்பிள்ளைக்கா ஊசி போட்டீக? நீங்க பேசிக்கிட்டு இருக்கையிலயே ராணி பறந்துபோயிட்டு வந்துருச்சு. சொல்ல வாயெடுத்தேன், விட்டாத்தானே?"

"வெளிச்சம் பத்தல தாயி. வாடக்காத்து வேற. சோடாவும் பழசு."

"ரூவாயக் குடுங்கண்ணே."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் உங்கள் கையால் கெட்டுப்போன காரியத்துக்கு நீங்கள் எதைக் காட்டினீர்கள்? மழையையா, வெயிலையா, பெண்டாட்டியையா?

கூத்தையா ரூபாயை எண்ணி வைத்தார். பன்னிரண்டு வரை கணீரென்று வந்தது. பதின்மூன்றில் இருமல் வந்தது. இராமலட்சுமி விரித்த கை விரித்தபடியே இருந்தது.

பதின்மூன்று. பதினான்கு. பதினைந்து.