டிராகனைக் கொல்லப் போன ஸ்டோர்ஸ்

உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட வீரர்களில், போகிற வழியில் கிடந்த ஓட்டை வாளியைக்கூட விடாமல் பொறுக்கிக்கொண்டு போனவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் பெயர் ஸ்டோர்ஸ்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கல்கத்தா லேக் கார்டன்ஸில் ஒரு இரண்டாவது மாடியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பொங்கித் தின்றுகொண்டிருந்த அந்த வருஷங்களில், அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஹவுரா பக்கம் ஒரு பட்டறையில் உதிரிபாகக் கிடங்குக்கு, அதாவது ஸ்டோர்ஸுக்கு, அவர்தான் பொறுப்பு. திருநெல்வேலிக்காரர். மனைவியும் மகளும் ஊரில். கிடங்கின் சட்டதிட்டங்களையெல்லாம் சாயங்கால ஃபெர்ரியில் ஏற்றி வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். பழைய பிளேடைக் காட்டினால்தான் புது பிளேடு கிடைக்கும். தேங்காயெண்ணெய் பாட்டில் அவருடைய பீரோவுக்குள் பூட்டியிருக்கும்; தலையைக் காட்டினால் அதற்குத் தகுந்த அளவு ஊற்றுவார். எனக்கு அப்போதே முன்பக்கம் கொட்ட ஆரம்பித்திருந்தது. "உனக்கு எதுக்குடே இவ்வளவு? ஏரியாவே குறைஞ்சு போச்சே" என்று என் பங்கைப் பாதியாக்கிவிட்டார்.

மூன்றாவது ஆள் மூர்த்தி. சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை. சாந்தினி மார்க்கெட்டில் பாகம் பாகமாக வாங்கி ஒரு கம்ப்யூட்டராகச் சேர்த்து ஹாலில் வைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் புதிதாக ஒரு விளையாட்டைப் போட்டான். ஒரு ராஜ்யம். மலை உச்சியில் நெருப்புக் கக்கும் டிராகன். ஊர் ஊராகப் போய் ஆயுதமும் துணைக்கு ஆட்களும் சேர்த்து, சண்டை கற்று, கடைசியில் அதைக் கொல்ல வேண்டும்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஸ்டோர்ஸ் கேட்ட முதல் கேள்வி: "அவன் கையில இருக்க வாளை யாருடே இஷ்யூ பண்ணினா?"

"யாரும் இல்ல சார். அந்தப் பெட்டியில இருந்துச்சு. எடுத்துக்கிட்டேன்."

"பெட்டிக்கு யாரு இன்சார்ஜ்?"

ஸ்டோர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பல மாசத்துக்கு எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம்.

முதல் நாளே அந்த ராஜ்யத்தின் நிர்வாகக் குறைபாடு அவருக்குப் பிடிபட்டுவிட்டது. "வீட்டுக்காரன் எதிர்க்கவே நிக்கான். நான் பாட்டுக்குப் போயி அவன் பெட்டியைத் திறக்கேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கானா பாரு! செக்யூரிட்டியே கிடையாது. பெரிய குறை இது." இப்படிக் கண்டித்துக்கொண்டே அந்த வீட்டிலிருந்த கரண்டி, மெழுகுவர்த்தி, பாதி ரொட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். செத்துப்போன கொள்ளைக்காரன் காலிலிருந்து பூட்ஸைக் கழற்றினார். தன் காலுக்குச் சேராத பூட்ஸ்.

"சார், அதெல்லாம் எதுக்கு?"

"இருக்கட்டும்டே. தேவைப்படும்போது கேட்டா எவன் தருவான்?"

விளைவு, சுமை தாங்காமல் வீரனால் ஓட முடியாமல் போயிற்று. காப்பாற்ற வேண்டிய ராஜகுமாரன் அரண்மனையில் கழுத்தில் கத்தியோடு காத்துக்கொண்டிருக்கிறான். நம்முடைய வீரன் ரேஷன் மூட்டை தூக்கியவன் மாதிரி காட்டுப் பாதையில் அசைந்து அசைந்து போகிறான். ஓநாய்கள்கூட முதலில் சந்தேகப்பட்டு நின்று பார்த்தன. அப்புறம் கடித்தன.

எதையாவது கீழே போடுங்கள் என்று மூர்த்தி கெஞ்சினான். ஸ்டோர்ஸ் அதிர்ந்து போனார். "சும்மா போட முடியுமாடே? உபயோகமில்லன்னு கண்டம் பண்ணணும்னா கமிட்டி வேணும்." ஆகவே நாங்கள் இருவரும் கமிட்டி ஆனோம். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் என்னைக் கூப்பிடுவார். ஈரக் கையோடு வந்து திரையைப் பார்த்து, "ஆமாம், இந்தக் கேடயம் உடைந்திருக்கிறது" என்று நான் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது கீழே விழும்.

சண்டையிலும் அவருக்குத் தனி அபிப்பிராயம் உண்டு. எதிரி வெட்ட வந்தால் தரையில் உருண்டு தப்ப வேண்டும். அந்த விளையாட்டின் உயிர்நாடியே அதுதான். ஸ்டோர்ஸுக்கு அது கௌரவக் குறைவு. "இவன் சண்டை போட வந்தானா, அங்கப்பிரதட்சணம் பண்ண வந்தானா?" என்று நிமிர்ந்து நின்றே வெட்டு வாங்கிச் சாவார். கடைக்காரர்கள் மேல் இன்னும் கோபம். அவர்கள் விற்கிற விலை ஒன்று, அதே சாமானை நம்மிடம் வாங்குகிற விலை வேறொன்று. "பேரம் பேச ஒரு பட்டன் வச்சானா, பாவி!"

ஆனால் நல்லதை நல்லது என்று சொல்ல அவர் தயங்கியதே இல்லை. வெட்டு விழுந்தால் அந்தக் கனம் நம் கையிலேயே தெரிகிறது என்பார். அந்தக் காட்டில் மழை பிடித்தால் சண்டையை விட்டுவிட்டு ஒரு மரத்தடியில் வீரனை நிறுத்தி வைத்துவிடுவார். "இலையில சொட்டுற சத்தத்தைக் கேளுடே. இதைச் செஞ்சவன் வேலை தெரிஞ்சவன்."

ஒருநாள் சத்தம் பொறுக்காமல் கீழ்வீட்டு மாஷிமா மேலே ஏறி வந்தார். அவர்தான் வீட்டுக்காரம்மா, தெருவுக்கே மாஷிமா, நம் ஊர்ப் பெரியம்மா மாதிரி. திட்டத் திறந்த வாய் திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. "ஓ மா! கீ பொரோ ராக்கோஷ்!" என்று கன்னத்தில் கை வைத்தார். எவ்வளவு பெரிய ராட்சசன் என்று வியந்தவர், மறுநாளிலிருந்து சாயங்காலம் முறமும் அரிசியுமாக வந்து உட்கார்ந்துகொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஸ்டோர்ஸுக்கு வங்காளம் காய்கறிக் கடையோடு சரி. ஆனால் ஆள் வெட்டுகிற விஷயத்தில் இருவருக்கும் மொழி குறுக்கே வரவில்லை.

அந்த வருஷம் துர்கா பூஜை சமயம். ஸ்டோர்ஸ் தன் வாள்களை வரிசையாகத் திறந்து காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். மாஷிமா அரிசியில் கல் பொறுக்கியபடியே ஏதோ சொன்னார். மூர்த்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தான்.

"எங்க துர்க்கைக்குப் பத்துக் கை, அதனால பத்து ஆயுதம். உங்க ஆளுக்கு ரெண்டே கை. எதுக்கு இத்தனை வாள்னு கேக்கறாங்க சார்."

ஸ்டோர்ஸ் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் கமிட்டி கூடியது. மாஷிமாவையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு வாளைத் தவிர மற்றதையெல்லாம் ஒரு ஆற்றங்கரையில் குவித்தார். அதற்கப்புறம் அந்த வீரன் ஓடின ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! வெட்கத்தை விட்டு உருளவும் ஆரம்பித்தான்.

ஒருவழியாக மலை உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். இங்கேதான் அந்த விளையாட்டின் மகா குறை. ஆடியதைப் பத்திரப்படுத்த வேண்டுமானால் அங்கங்கே இருக்கிற கல்தூண்களில்தான் முடியும். கடைசித் தூண் மலையடிவாரத்தில். மேலே செத்தால் ஓநாய்க் கூட்டம், பனிப்பாலம் எல்லாம் முதலிலிருந்து. ஸ்டோர்ஸ் வாரக்கணக்கில் ஏறினார், செத்தார், ஏறினார். டிராகனைப் 'பல்லி' என்று மட்டுமே குறிப்பிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பல்லிக்கு நேரம் நெருங்கிவிட்டது. அதன் உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு நகக்கண் அளவுக்குச் சுருங்கியிருந்தது. மாஷிமா முறத்தை மறந்து எழுந்து நின்றிருந்தார். நான் உள்ளே போர்வைக்குள் கிடந்தேன். இரண்டு நாளாகக் காய்ச்சல். சீதோஷ்ண மாற்றம் என்று நினைத்து விட்டிருந்தேன். தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்து வந்தவன், ஹால் வாசல்படியில் டம்ளரோடு விழுந்தேன்.

நினைவு முழுசாகப் போகவில்லை. மூர்த்தி கத்தியது காதில் விழுந்தது: "சார், சார், இன்னும் ரெண்டே வெட்டு! முடிச்சுட்டு எந்திரிங்க, நான் பாத்துக்கறேன்!"

"போடே! பல்லியாம் பல்லி! புள்ள விழுந்து கெடக்கான்."

நாற்காலி சாய்ந்த சத்தம். அடுத்து நான் தலைகீழாக மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தேன். என்னைத் தோளில் போட்டிருந்தார். மாஷிமா எங்களுக்கு முன்னால் ஓடி, நடுத்தெருவில் இரண்டு கையையும் விரித்து நின்று டாக்சியை மறித்தார். உள்ளே ஏற்கெனவே ஒரு ஆள் இருந்தார். மாஷிமா கதவைத் திறந்து அவரை இறங்கச் சொன்ன தொனியில் அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இறங்கினார்.

மலேரியா. இன்னும் தாமதித்திருந்தால் சிக்கல் என்றார் டாக்டர். ஸ்டோர்ஸ் என் கட்டிலருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நர்ஸ் கொண்டுவந்த மாத்திரை ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துக் காலாவதித் தேதி பார்த்தார். காலி அட்டைகளைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லி நர்ஸோடு சண்டை பிடித்தார். அவர் இருந்த நாள்வரை அந்த வார்டில் ஒரு பஞ்சுத் துண்டு வீணாகவில்லை.

காய்ச்சல் இறங்கியதும் கேட்டேன். "சார், பல்லி என்னாச்சு?"

"நின்னவனை மிதிச்சுக் கொன்னுட்டு. அதுக்கென்ன, மலைமேலதானே கெடக்கு, எங்க போயிரும்?"

நான் வீடு திரும்பி, கஞ்சி குடித்து, நாற்காலியில் உட்கார்கிற அளவு தேறும்வரை அவர் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கழுத்துவரை போர்த்திவிட்டு, அடிவாரத்திலிருந்து மறுபடி ஏறினார். இந்தத் தடவை பல்லி செத்தது. மாஷிமா உலு உலு என்று குலவையிட்டதில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"மொத்தத்துல கேம் எப்படி சார்?" என்றான் மூர்த்தி.

ஸ்டோர்ஸ் என் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். "மழை நல்லா இருக்கு. வெட்டு நல்லா இருக்கு. ஆனா ஒண்ணுடே, கூட வாரவன் விழுந்தா அவனைத் தூக்க ஒரு பட்டன் இல்ல. தாண்டித்தான் போகணும். அது சரியில்ல."

ஓய்வு பெற்று இப்போது ஊரில் இருக்கிறார். போன் செய்தால் ஹலோவுக்கு முன்னால், "காய்ச்சல் எதுவும் உண்டாடே?" என்றுதான் கேட்பார். இல்லை சார் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு ஏனோ கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.