நாயுருவி சாரும் சூசையண்ணன் பன்றியும்

மதுரையில் காலையில் மீனாட்சியை நினைத்து எழுந்திருப்பவர்கள் லட்சம் பேர் உண்டு. பன்றிக் குடலை நினைத்து எழுந்தவர் ஒரே ஒருவர்தான். எழுபதுகளின் கடைசியில் நரிமேட்டு லாட்ஜில் எனக்குப் பக்கத்து அறைக்காரர். கல்லூரியில் கிருமி ஆராய்ச்சி. நாங்கள் வைத்த பெயர் நாயுருவி சார். அது அவர் காதில் மட்டும் விழாமல் பார்த்துக்கொண்டோம்.

"என்ன ஆராய்ச்சி சார்?" என்று வாயைக் கொடுத்தவன் தொலைந்தான். கையைப் பிடித்து இழுத்துப்போய், லாட்ஜுக்குப் பின்னால் நாயுருவிப் புதருக்குள் நடக்கவிடுவார். வேட்டி முழுக்க விதை.

"பாத்தீங்களா, எம்புட்டு கெட்டியாப் பிடிச்சிருக்கு! பன்னிக்குட்டி குடல்ல கிருமியும் இப்படித்தான். மேல பூரா பொடி முடி. அதை வச்சு ஒட்டுச்சுன்னா பேதி, குட்டி காலி. ஒட்ட முடியலையா, வந்த வழியே வெளியே போயிரும்!"

லாட்ஜ் மேனேஜர் வேட்டியை விட்டுப் பேன்ட்டுக்கு மாறினார்.

ஒருநாள் கீழக்குயில்குடிப் பக்கம் பன்றி வளர்க்கும் சூசையண்ணன், செத்த குட்டி ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். ஒரு ஈத்துக் குட்டி முழுக்கப் பேதியில் போய்விட்டது. இன்னொரு பன்றி சினையாக இருந்தது.

"அதுவும் போச்சுன்னா தொழிலையே விட்டுர வேண்டியதுதான் சார்."

சார் அந்தக் குடலிலிருந்த கிருமியை வளர்த்து, கொன்று, சினைப்பன்றிக்கு ஊசியாகப் போட்டார். "தாய்க்குப் போட்டா சீம்பால்ல எதிர்ப்பு இறங்கும்ணே. அது கிருமியோட முடியைப் போய் மூடிக்கிரும். எல்லாக் குட்டியும் குடிக்கணும், அம்புட்டுதான்."

குட்டி போட்ட அன்று நானும் கூடப் போனேன். ஒரு நோஞ்சான் மட்டும் காம்புக்கே வரவில்லை. சார் அதைத் தூக்கித் தாயின் மடியில் வைத்தார். தாய்ப்பன்றி எழுந்து துரத்திய துரத்தலில் கண்மாய்க்குள் விழுந்தார். சேற்றிலிருந்து முதலில் வந்தது குரல்தான்: "அது குடிச்சிருச்சா அண்ணே?"

குடித்திருந்தது. ஒரு குட்டிகூடச் சாகவில்லை.

கிறிஸ்மஸுக்குச் சூசையண்ணன் கறியோடு லாட்ஜுக்கு வந்தார். சார் முகம் சுண்டிவிட்டது. "இது... எந்தக் குட்டிண்ணே?"

"இது வேற சார். அந்த நோஞ்சானை அறுப்பேனா? இப்ப மலையாட்டம் நிக்கிது. உங்க பேரைத்தான் வச்சிருக்கோம். நாயுருவி சார்னு கூப்பிட்டா ஓடி வரும்!"

சூசையண்ணன் அதைச் சாரின் நிஜப்பெயர் என்றே நினைத்திருந்தார். நான் மேனேஜரின் பேன்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சார் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு சூசையண்ணன் பக்கம் திரும்பி, ரொம்ப அக்கறையாக, "பேதி கீதி ஒண்ணும் இல்லையே அண்ணே?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்காகவே அந்த மனிதரை எனக்கு இன்றைக்கும் அவ்வளவு பிடிக்கும்.