வாடகைக் கார் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்

ஜெலாப்பாங், ஈப்போ.

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் விஸ்வநாதன் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் ஐயாவு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், வீட்டுக்காரி சாந்தினி நலம், கார் மிக நலம். தெலுக் இந்தானில் நீங்களும் அக்காவும் கல்யாணப் பெண் யாழினியும் நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். கைப்பேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் ‘கார்’ என்று வாயெடுத்ததுமே நீங்கள் சிரிக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். பிறகு அக்கா போனை வாங்கி, "சாப்டியாடா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். கடிதத்தில் நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கேட்காது. வேலைக்காலம் முழுக்க அடுத்தவர் கடிதங்களைச் சுமந்த தபால்காரன், ஓய்வு பெற்றபின் ஒன்றை எனக்காக எழுதிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்தன்று யாழினியை வீட்டிலிருந்து கோவிலுக்கு அழைத்துப்போக வெள்ளை நிற ஜெர்மன் கார் ஒன்றை வாடகைக்குப் பேசி வைத்திருக்கிறீர்களாம். அதை உடனே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது என் மருமகள் எவனோ ஒருவன் காரில் ஏறுவதா? சின்னப் பிள்ளையில் அவள் என் தபால் மோட்டார் சைக்கிளின் டாங்கி மேல் உட்கார்ந்துகொண்டு, "என் கல்யாணத்துக்கும் இதுலதான் வருவேன் மாமா" என்றாள். "சீ, கல்யாணத்துக்கு மாமா கார் கொண்டாருவேன்" என்றேன். அவள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் என் வாசலில் மோட்டார் சைக்கிள்தான் நின்றது. அது எனக்கு எவ்வளவு உறுத்தியது என்று சாந்தினிக்குக்கூட நான் சொன்னதில்லை.

அதனால்தான் கோப்பெங் பக்கத்து எஸ்டேட்டில் அந்தக் காரைக் கண்டதும் விடவில்லை. ரப்பர் எல்லாம் போய் இப்போது அங்கே செம்பனைதான். ரப்பர் பால்ஷீட்டுக்குப் புகை போட்டுக் காயவைத்த பழைய புகைக்கூடம் மட்டும் நிற்கிறது, அதற்குள்தான் கார் கிடந்தது. நான் புதுத் தபால்காரனாக அந்த எஸ்டேட்டுக்குப் போன காலத்தில் ஆபீஸ் கணக்கெல்லாம் பார்த்த பெரிய கிராணி வைத்திருந்த அதே டர்போ கார், மச்சான். ஜப்பான்காரன் எண்பதுகளில் செய்தது, இரண்டே கதவு, முன்விளக்குகள் மூடியைத் திறந்துகொண்டு மேலே எழும்பும். அது விர்ரென்று போனால் நான் சைக்கிளோடு பள்ளத்தில் இறங்கி நிற்பேன், செம்மண் புழுதி என் காக்கிச் சட்டையெல்லாம் அப்பிக்கொள்ளும். கிராணியின் மகன் கோகிலன், "எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே, எடம் காலியானா போதும்" என்றார். நீங்கள் ஊரெல்லாம் "மச்சான் கோழிக்கூடு வாங்கியிருக்கான்" என்று சொன்னீர்கள் அல்லவா, பின்சீட்டில் கோழி அடைகாத்தது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் குஞ்சு பொரிக்கும்வரை காரைத் தொடக்கூடாது என்று கோகிலனின் மனைவி கண்டிப்பாகச் சொன்னதால், நான் தினமும் போய்க் கோழியைப் பார்த்துவிட்டு வந்தேனே, அந்தப் பொறுமையைப் பற்றி யாரிடமாவது சொன்னீர்களா?

குஞ்சுகள் இறங்கிய மறுநாளே கார் ஜெலாப்பாங்கில் வோங்கின் பட்டறைக்கு வந்தது. வோங் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினான், போய் ஒரு கோப்பி குடித்தான், வந்து திறந்தான், மறுபடி மூடினான். "ஐயாவு ஆ, இது காடி இல்ல, இது மியூசியம் லா" என்றான். காற்று வடிகட்டிக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது, தரைத்தகடு வழியாக ரோடு தெரிந்தது, டர்போ துருவேறிச் சுற்றமாட்டேன் என்று அடம்பிடித்தது. நான் விடவில்லை. பழைய இரும்புக்கடைகளில் முட்டிபோட்டுத் தேடி, துருவை என் கையாலேயே தேய்த்து, தேய்த்த கையோடு சோறு தின்று, சாந்தினியிடம் திட்டு வாங்கி, கடைசியில் ஒரு காலையில் என் வீட்டு வாசலில் இன்ஜினை உயிர்ப்பித்தேன். சத்தம் கேட்டதும் என் உடம்பெல்லாம் சிலிர்த்தது, மச்சான். ஆனால் டர்போவில் எண்ணெய் கசிந்து வந்த வெள்ளைப் புகை சந்து முழுக்க நிறைந்துவிட்டது. டெங்கிக்கு மருந்தடிக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சோற்றுப்பானையை மூடி, ஜன்னல்களைத் திறந்துவைத்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் போய் நின்றார்கள். எதிர்வீட்டு அம்மா மட்டும் புகைக்குள்ளிருந்து, "எங்க வீட்டுப் பின்பக்கமும் கொஞ்சம் அடிச்சிருங்க தம்பி" என்றார். அந்த வாரம் எங்கள் சந்தில் கொசுவே இல்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

புகை நின்றதும் கோவிலில் பூஜை போட்டோம். குருக்கள் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, "மெல்ல ஏத்துங்கோ" என்றார். டர்போவின் குணம் உங்களுக்குத் தெரியாது. முதலில் எவ்வளவு மிதித்தாலும் அசையாது, பிறகு மிதித்ததற்கெல்லாம் சேர்த்து ஒரே பாய்ச்சலாகப் பாயும். நான் மெல்ல மிதித்தேன், அசையவில்லை. கொஞ்சம் மிதித்தேன், அசையவில்லை. குருக்கள் தட்டோடு குனிந்து பழத்தைப் பார்த்த நேரத்தில் அது பாய்ந்துவிட்டது. பின்சக்கரப் பழங்கள் நசுங்காமல் தெறித்துப் போய்க் கோவில் தலைவரின் முழங்காலில் பட்டன. அவர் காலைப் பிடித்துக்கொண்டு நிமிரவும், காரின் விளக்கு ஒன்று தானாக எழும்பி இறங்கவும் சரியாக இருந்தது. தலைவரின் சம்சாரம் அந்தப் பக்கம்தான் நின்றார். ஒரு கிழவனின் கார் தன்னைப் பார்த்துக் கண்ணடித்தது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மனத்தாங்கல். கண் படாமல் இருக்க எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து முன்னால் கட்டவேண்டும் என்றாள் சாந்தினி. என் காரின் மூக்கழகை மறைக்காதே என்று நான் ஒரே பிடியாக நின்றேன். அவள் எனக்குத் தெரியாமல் பானெட்டுக்குள்ளே, கைக்கு எட்டிய ஒரு குழாயில் கட்டிவிட்டாள். அது டர்போவின் குழாய், தோசைக்கல்லைவிடச் சூடு. வெள்ளோட்டமாகக் கோப்பெங் வரை போனோம். பாதி வழியில் மிளகாய் வறுபட்டு, நெடி முழுவதும் காற்றுத்துளை வழியாக உள்ளே வந்துவிட்டது. நான் தும்ம, அவள் இரும, கண்ணில் தண்ணீர் கொட்ட, ஒருவழியாக ஓரங்கட்டினேன். பானெட்டைத் திறந்து கருகிய மிளகாயைப் பார்த்ததும் அவள் மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"நெடி இப்புடி வருது பாத்தீங்களா? அப்ப யாரு கண்ணும் படலங்க" என்றாள் நிம்மதியாக.

உங்களுக்கும் தெரிந்த சங்கதிதானே. மிளகாயைச் சுற்றி நெருப்பில் போட்டால், கண் பட்டிருந்தால் நெடியே வராது, படாவிட்டால் மூக்கைப் பிய்க்கும். எங்களுக்கோ மூக்கு, தொண்டை, கண் எல்லாம் பிய்ந்துவிட்டது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? இவ்வளவு பாடுபட்டும் என் காரைப் பார்த்து ஒருவர்கூடப் பொறாமைப்படவில்லை என்றுதானே? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. "கண்ணு படலன்னா நல்லதுதானேங்க, இதுக்குப் போயி மொகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு" என்றாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

போகட்டும். இப்போது புகை இல்லை, கசிவு இல்லை, விளக்குகள் இரண்டும் ஒன்றாக எழும்புகின்றன. சிவப்புச் சாயம் பூசி, சீட்டில் கோழி வாடை போகச் சாம்பிராணி போட்டிருக்கிறேன். இந்தக் கார் எந்த இடத்திலும் நிற்காது என்பதற்கு நான் உத்தரவாதம். அதை நிரூபிக்கவே இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல், நாளைக் காலையில் நானே காரில் கொண்டுவந்து உங்கள் கையில் தரப்போகிறேன். வாசலில் டர்போ சத்தம் கேட்டதும் நீங்கள் வெளியே வந்தால் போதும். யாழினி முதலில் வந்தால் இன்னும் நல்லது.

அக்காவுக்கு என் அன்பு. யாழினிக்குத் தாய்மாமனின் ஆசிகள், பதினாறும் பெற்று நிறைவாக வாழட்டும். மாப்பிள்ளை வீட்டாருக்கு என் மரியாதையைச் சொல்லி, மணப்பெண் மாமன் காரில்தான் வருவாள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைநிமிர்ந்து நிற்கும் மைத்துனன்,
ஐயாவு

பின்குறிப்பு: வாடகைக் காரை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். இதை வழியில், தாப்பா பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு மீ கோரேங் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். டர்போக் குழாய் டமார் என்று வெடித்துவிட்டது. வோங்குக்குப் போன் போட்டேன், அந்தக் குழாய் வந்துசேருவதற்குள் கல்யாணம் முடிந்துவிடும் என்கிறான். காரை இழுவை லாரியின் முதுகில் ஏற்றியாகிவிட்டது. ஆனால் மச்சான், அது அங்கே ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஊரே கூடியது. கேமரன் மலைக்குப் போகிற கூட்டம் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று படம் எடுக்கிறது. சுமார் முப்பது வயது மலாய்க்காரப் பையன் ஒருவன் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்து, "அங்கிள், ஜுவால் கா?" என்று, காரை விற்றுவிடச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறான். என்னோடு காரில் வந்த சாந்தினி இதையெல்லாம் பார்த்துவிட்டு, பக்கத்து மளிகைக்கடையில் காய்ந்த மிளகாய் வாங்கி, லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மீ கோரேங்காரரின் அடுப்பில் போட்டாள். கைநிறைய மிளகாய். நெடியே வரவில்லை, மச்சான். கடைக்காரர்கூடத் தும்மவில்லை. "ஊரு கண்ணே பட்டுருச்சுங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு யாழினிக்குப் போன் போட்டு, கார் ஓடாதும்மா, மாமாவை மன்னித்துவிடு என்றேன். "ஓடாட்டி என்ன மாமா, லாரி மேலயே இருக்கட்டும், நான் அதுல ஏறி உக்காந்து வாரேன் லா. மோட்டார் சைக்கிள் டாங்கியில சொன்னது மறந்துருச்சா?" என்று கேட்கிறாள். ஆகவே வெள்ளைக் கார் உங்களுக்கும் அக்காவுக்கும். மணப்பெண் என்னோடு வருகிறாள். வீட்டு வாசலில் நல்ல ஏணியாக ஒன்று தயாராக இருக்கட்டும், பட்டுப்புடவையோடு ஏறவேண்டும்.