தேனிலவுக்கு உம்மாவை அனுப்பிய மகனுக்கு

அன்பு மகன் சஃப்வானுக்கு,

ஏற்காட்டு மலை மேலிருந்து உன் உம்மா ஜைனம்பு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் மனைவி ஜஸீலா மிகவும் சுகம். நான் சுகமா என்பதைக் கடிதம் முழுவதையும் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா, லோடு வந்திருக்கு"ன்னு வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்துக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து "மலைக்குப் போகலாம், முதுகுல பையை மாட்டிக்கிட்டு ஊர் ஊரா நடக்கலாம்"னு அந்தப் பெண்ணுக்கு ஆசை காட்டியவன் நீ. ஒவ்வொரு தடவையும் நண்டு லோடு வந்துவிட்டது என்று தள்ளிப்போட்டவனும் நீ. இந்த முறை கிளம்புவதற்கு முந்தின நாள் நீ கையை விரித்ததும், "நான் தனியாவே போறேன்"னு அவள் பையைத் தூக்கினாள். அவளைத் தடுக்கத்தான் "தனியா போவாதே புள்ள, நானும் வரேன்"னு சொன்னேன். எந்த மருமகளும் அதைக் கேட்டதும் பையைக் கீழே வைத்துவிடுவாள் என்று நம்பினேன். இவளோ கொஞ்சம்கூட யோசிக்காமல், "சரி மாமி, காலையில ரெடியா இருங்க"ன்னு உன் டிக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டாள். பக்கத்து வீட்டு ஜெயம்மா, "இன்னா ஜைனம்பு, பழவேற்காட்டுல பாதிப் பேரை இங்கயே வுட்டுட்டு ஏற்காட்டுக்குப் போறியா?"ன்னு சிரித்தாள். உன் வாப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு எப்படிப் போகாமல் இருக்க முடியும்?

சேலத்திலிருந்து பஸ். வளைவுக்கு வளைவு பலகை நட்டு எண் போட்டிருக்கிறார்கள், யார் கேட்டார்கள்? பாதி வழியிலேயே நான் எண்ணுவதை விட்டுவிட்டு ஓதத் தொடங்கிவிட்டேன். ஜஸீலா ஜன்னலில் தலையை நீட்டி, "மாமி, கீழ பாருங்க, கீழ பாருங்க"ங்கிறாள். கீழே பார்க்கிறதுக்கா இவ்வளவு மேலே வந்தோம்? இறங்கியதும் என் முதுகிலும் ஒரு பை. புர்காவுக்கு மேல் அந்தப் பையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தேன். ஒரு காலேஜ் பெண் ஓடிவந்து, "ஆன்ட்டி, சூப்பர்"ன்னு என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டாள். அது எங்கெல்லாம் சுற்றுகிறதோ, உன் வாப்பா கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

தங்கியிருப்பது பிலோமினா என்ற அம்மாள் நடத்தும் விடுதி. ரயிலில் இருப்பதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டில். எனக்குக் கீழ்க்கட்டில், மேலே உன் மனைவி. அவள் புரண்டால் எனக்கு உயிர் போகிறது. காப்பி விளைகிற ஊராயிற்றே, நல்ல காப்பியாகக் குடிக்கலாம் என்று பார்த்தால், பிலோமினா ஒரு கண்ணாடிக் கூஜாவில் பேப்பரைச் சொருகிச் சொட்டுச் சொட்டாக வடித்து, பாலும் இல்லாமல் சர்க்கரையும் இல்லாமல் கொண்டுவந்து வைத்தாள். "பழ வாசனை தெரியுதா?"ன்னு கேட்டாள். எனக்குக் கஷாய வாசனைதான் தெரிந்தது. டீ கிடைக்குமா என்று கேட்டேன். அன்றைக்கு முழுக்க அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்தது ஏரி. ஆமாம், இங்கேயும் ஒரு ஏரி இருக்கிறது. நம் ஏரியில் ஒரு ஓரத்தை வெட்டி வைத்தமாதிரி. "இதுக்குப் போயி மிதவைச் சட்டை வேற போடச் சொல்றானுங்களே"ன்னு சிரித்துக்கொண்டேதான் காலால் மிதிக்கிற படகில் ஏறினேன். நான் முன்பக்கமாக மிதிக்க, அவள் பின்பக்கமாக மிதிக்க, படகு சுற்றிச் சுற்றி வந்து, ஆகாயத்தாமரைக்குள் போய் மாட்டிக்கொண்டது. கரையில் இருந்தவன் விசில் ஊதி, மோட்டார் படகில் வந்து, கயிறு கட்டி எங்களை இழுத்துப் போனான். ஊரே வேடிக்கை பார்த்தது. "எந்த ஊரும்மா நீங்க?"ன்னு கேட்டான். ஜஸீலா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு "பொன்னேரி"ன்னு சொல்லிவிட்டேன். நாலு படகு வைத்திருக்கும் கௌஸ் மைதீன் பெண்டாட்டியைக் கயிறு கட்டி இழுத்தார்கள் என்று நம் ஊர்த் தோணிரேவில் தெரிந்தால் உன் வாப்பா தலை காட்ட முடியுமா?

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. நேற்று காப்பித் தோட்டத்துக்குள் நடந்தோம். செடியெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பழம். ஒன்றைக் கடித்தேன், இனிப்பாகத்தான் இருந்தது. திடீரென்று பனி இறங்கி வழியே தெரியவில்லை. நம் ஏரியில் பனி மூடினால் படகை நிறுத்திக் காத்திருப்பார்கள் அல்லவா, அதுபோல நான் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். ஜஸீலாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்: "மாமி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? இங்கேர்ந்து நேரா மண்ணடிக்கு எங்க உம்மா வீட்டுக்குப் போய்டலாம்னுதான் கெளம்புனேன். மலையா முக்கியம்? கூட வரேன்னு சொன்னவரு ஒரு வாட்டி வந்திருக்கலாம்ல."

உனக்காக ஏதாவது பேசலாம் என்றுதான் பார்த்தேன், வரவில்லை. வந்ததெல்லாம் என் கதைதான். "உங்க மாமாவும் கல்யாணமான புதுசுல நாகூருக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. அடுத்த பெருநாளைக்கு, அடுத்த பெருநாளைக்குன்னு, இன்னும் அந்தப் பெருநாள் வரல"ன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அழுதோமா சிரித்தோமா தெரியாது, பனியில் எதுவும் தெரியவில்லை. பனி விலகியதும் பார்த்தால் நாங்கள் உட்கார்ந்திருந்தது பிலோமினா வீட்டுக் கொல்லைப்புறம். அவள் கொடியில் துணி போட்டபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்! உன்னைப் பற்றி அவள் சொன்னதை என்னால் எழுத முடியாது. ஆனால் பிறகு எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

ஆகவே மகனே, நண்டு ஓடிப்போகாது, பெண்டாட்டி போய்விடுவாள். லோடை வாப்பா பார்க்கட்டும். கடிதம் கண்டவுடன் ரயிலேறு. நீ வந்து இறங்குகிற அதே பஸ்ஸில் நான் ஏறிவிடுகிறேன். எனக்கு முட்டி வலி, குளிர், இங்குள்ள மீனைப் பார்த்தால் அழுகை வருகிறது. இனி ஒரு நாளும் இந்த ஊரில் என்னால் முடியாது.

வாப்பாவுக்கு என் சலாம் சொல். குளிர்பெட்டியில் குழம்பு இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடச் சொல். அல்லாஹ் உனக்கு நல்ல புத்தியையும் நீண்ட ஆயுளையும் தரட்டும், புத்தியை முதலில் தரட்டும்.

துஆவுடன்,
உன் உம்மா
ஜைனம்பு

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன்னால் கடிதத்தை ஜஸீலாவிடம் படித்துக் காட்டினேன். படகு வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். மண்ணடிக்குப் போகவில்லையாம், நம் வீட்டுக்குத்தான் வருவாளாம். எப்போது என்று மட்டும் கேட்காதே, நாளைக்கு நாங்கள் கொல்லிமலைக்குப் போகிறோம். ஜீப்பில் இரண்டு இடம்தான் இருக்கிறது, ஆகையால் நீ வர வேண்டாம். "அடுத்த தடவை அவன் கூப்பிட்டா போவியா?"ன்னு உனக்காகக் கேட்டும் பார்த்தேன். "நீங்களும் வந்தா போறேன் மாமி"ங்கிறாள்.