மான்செஸ்டர் கெவின் கத்துத்தந்த இங்கிலீசு

அறுகம்பேயில ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல ரிசெப்ஷன் வேலை. இன்டர்வியூ இங்கிலீசில. மூணு கிழமைக்குள்ள நான் இங்கிலீசு கதைக்கப் பழகோணும். இதுதான் காரியம்.

எங்கட ஊரு சாய்ந்தமருதுல இங்கிலீசு கிளாஸ் இல்லாம இல்ல. ஆனா முப்பத்தெட்டு வயசுல, என்ட மகள் படிக்கிற கிளாஸ்ல போய்க் குந்த வெக்கம். போன்ல ஒரு ஆப் போட்டன். முன்பின் தெரியாத ஆக்களோட இங்கிலீசில கதைச்சுப் பழகிற ஆப்.

பேரு, ஊரு கேட்டிச்சி. 'ராசிக், சாய்ந்தமருது' எண்டு போட்டா எந்த வெள்ளைக்காரன் கதைப்பான்? 'ரிக்கி, துபாய்' எண்டு போட்டன். துபாய்க்கு நான் போனதில்ல. மச்சான் போனவர்.

அடுத்த நாளே கெவின் வந்தார். மான்செஸ்டராம். குரல் கொஞ்சம் நம்மட ஆக்கள்ட மாதிரிக் கிடந்திச்சி. போன்ல கோளாறு எண்டு நினைச்சன். அவ்வளவு மூளை எனக்கு. அவர் அங்க பனி கொட்டுது எண்டார். நான் இங்க ஒட்டகம் நிக்கிது எண்டன்.

ஒவ்வொரு நாளும் போனை வைக்கக்குள்ள, "ஐ கோ அண்ட் கம்" எண்டு சொல்லுவார். என்ன நாகரிகமான பேச்சு! கொப்பியில எழுதி வச்சன். மனிசி நஸீரா எட்டிப் பாத்துட்டு, இது நம்மட 'போயிட்டு வாறன்' தானே எண்டு கேட்டா. மான்செஸ்டர் இங்கிலீசு உனக்கு எங்க விளங்கப் போகுது எண்டு ஏசினன்.

இன்டர்வியூவுக்குப் போனன். முதலாளி அசல் வெள்ளைக்காரி. பேரு, ஊரெல்லாம் ஒழுங்காச் சொல்லிட்டன். எழும்பக்குள்ள ஒரு மிடுக்கோட, "ஐ கோ அண்ட் கம்" எண்டன்.

அவ வாசலைப் பாத்தா. என்னைப் பாத்தா.

"கோ? ஓர் கம்?"

எனக்கே தெரியல்ல. திரும்பக் குந்தினன். பிறகு எழும்பினன். வேலை வேற ஆளுக்குப் போச்சு.

அண்டைக்குப் பின்னேரம், கெவினுக்கு நல்லா ஏசோணும் எண்டு எடுத்தன். வாயத் துறக்க முந்தி, பள்ளிவாசல் ஸ்பீக்கர்ல அறிவித்தல். ஒரு கறுத்த ஆட்டைக் காணல்லயாம், கண்டாக்கள் பள்ளியில சொல்லட்டாம். ஜன்னலாலயும் கேட்டிச்சி. போனுக்குள்ளாலயும் கேட்டிச்சி.



"கெவின், நீங்க எந்த ரோட்டு?" எண்டு தமிழில கேட்டன்.

"பள்ளிக்குப் பின்னால, ரிக்கி நானா. அது எங்கட ஆடுதான். நான் போனை வைக்கட்டா?"

மூணு கிழமையில எங்க ரெண்டு பேருக்கும் இங்கிலீசு வரல்ல. பொய் மட்டும் சரளமா வந்திச்சி.