டாக்டருக்குப் பின்னால் நிற்கும் கலை

மனித குலம் இதுவரை கண்ட மருத்துவ முறைகளிலேயே தலைசிறந்தது எது? ஊசியா, மாத்திரையா, கத்தியா? மூன்றும் இல்லை. பெரிய டாக்டருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான். இந்த அரிய கலையைக் கற்கத்தான் நம்மவர் கடல் கடந்து போயிருந்தார்.

கல்லூரியில் இதற்கு 'நிழல் பயிற்சி' என்று பெயர். டாக்டர் நடந்தால் நிழலும் நடக்க வேண்டும். நின்றால் நிற்க வேண்டும். எதையும் தொடக் கூடாது, பேசக் கூடாது, இருமல் வந்தால் விழுங்கிவிட வேண்டும். நம்மவர் சீக்கிரமே தேறிவிட்டார். பெரிய டாக்டர் "ம்..." என்று தலையை ஆட்டினால் இவர் தலையும் அதே கவலையோடு ஆடும். எதற்கு ஆட்டுகிறோம் என்பதெல்லாம் சில்லறை விஷயம்.

வாரா வாரம் அக்கா போன் செய்வாள்.

"எத்தனை ஆபரேஷன்டா பண்ணே?"

"பண்ணலக்கா. பின்னாடி நின்னேன்."

"பின்னாடின்னு சொல்லித் தொலைக்காதே. கூட நின்னேன்னு சொல்லு. என் மாமியார் பக்கத்துலதான் இருக்காங்க."

ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது: பெரிய டாக்டரின் சிபாரிசு. கிடைத்தால் அதே ஆஸ்பத்திரியில் வேலை. கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். முன்பு ஒரு நிழல், "அவருக்கு மூச்சு வாங்குதே, சார்" என்று வாயைத் திறந்துவிட்டது. மறுநாளே அது பழைய எக்ஸ்ரேக்களை அடுக்கும் 'உயர் பயிற்சி'க்கு மாற்றப்பட்டது. நம்மவர் அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் உதட்டை இறுக்கிக்கொள்வார்.

அன்று பித்தப்பைக் கல் ஆபரேஷன். நோயாளி ஒரு கப்பல் சமையல்காரர், கத்தை மீசை. வயிற்றுவலியில் துடித்தவரைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஊர் பாஷை தெரியாததால் யார் எதைக் கேட்டாலும் சிரித்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார். "காலையில ஒண்ணும் சாப்பிடலையே?" என்று நர்ஸ் கேட்டதற்கும் அதே சிரிப்பு, அதே ஆட்டல். எல்லாம் முறைப்படி நடந்தது.

அவரைப் படுக்க வைத்திருந்த தள்ளுவண்டியைத் திருப்பும்போது அதன் சக்கரம் நம்மவர் கால் மேல் ஏறியது.

"ஐயோ, அம்மா!"

முனகலாகத்தான் வந்தது. ஆனால் மீசைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது.

"தம்பி நம்மாளா! சாமி, நல்ல நேரத்துல வந்தீங்க! காலையில பசி தாங்கலை. பக்கத்துக் கட்டில்காரர் ரெண்டு பன் கொடுத்தாரு, தின்னுட்டேன். பரவாயில்லையா? கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்."

சாப்பிட்டவருக்கு மயக்க மருந்து கொடுத்தால் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து. இது நம்மவருக்குத் தெரியாதா என்ன? இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவர் ஆயிற்றே! ஆனால் அது எழுத்துப் பரீட்சை. அங்கே யாரும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை.

வாயைத் திறந்தார். முன்னால் பெரிய டாக்டரின் முதுகு தெரிந்தது. மூடிக்கொண்டார். பழக்க தோஷம், தலை மட்டும் ஆடியது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு மீசைக்காரர் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

தியேட்டருக்குள் மயக்க மருந்து டாக்டர் முகமூடியை அருகில் கொண்டுவந்தார். நம்மவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு மனுஷன் சாகப் போகிறான், நான் நிற்கிறேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் நின்றார், அப்பழுக்கில்லாமல் நின்றார்.

மீசைக்காரர் கடைசியாக ஒருமுறை கண்ணைத் திறந்து நம்மவர் முகத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, முகமூடியைத் தட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனார். மென்று காட்டினார். வயிற்றைத் தடவிக் காட்டினார்.

"நிறுத்துங்க! சாப்பிட்டிருக்கார்!" என்று மயக்க மருந்து டாக்டர் கத்தினார்.

பெரிய டாக்டர் திரும்பினார். "இவர் பாஷை தெரிஞ்சவங்க இங்க யாருமே இல்லையா?"

எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். நம்மவரும் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

ஆபரேஷன் தள்ளிப்போனது. போகும்போது பெரிய டாக்டர் முதல்முறையாக நம்மவர் தோளைத் தட்டினார். "அத்தனை பேரும் பதறினாங்க. நீ மட்டும் அசையாம நின்னே. இதுதான் டாக்டருக்கு வேணும். உன் சிபாரிசு என் பொறுப்பு."

நம்மவர் தலையாட்டினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. தள்ளுவண்டி வெளியே போகும்போது ஓடிப்போய் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே..." என்றார்.

மீசைக்காரர் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"விடுங்க தம்பி. உங்ககிட்டயும் கையைக் காட்டியே சொல்லியிருக்கணும். தமிழ்ல சொன்னது என் தப்பு."